கயிறு கட்டினால் குடி போகுமா?



குடியை விடக் கோயிலில் கயிறு கட்டிக் கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் இருக்கின்றது. பல வருஷம் தினந்தோறும் குடித்தவன் கயிற்றை நம்பித் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும். சிலருக்கு வலிப்பு வரும். இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும். ஊரார் அதைச் சாமி குற்றம் என்பார்கள்! மூளை சாராயத்துக்குப் பழகிப் போனதன் விளைவு அது. டாக்டர் தக்க மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்துக் காப்பாற்றுவார். கவனியாது விட்டால் உயிரே போகலாம்.

ஏழை ஏன் டாக்டரிடம் போவதில்லை? புத்தியில்லாமலா? சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசந்தான். படுத்திருக்கும் நாட்களுக்குக் கூலி யார் கொடுப்பது? தனியார் விடுதிக்கோ பணமில்லை. இன்ஷூரன்ஸ் உள்ளவன் கதியும் பெரிதல்ல. குடியால் வரும் மனக்கோளாறும் மனநோயே, மற்ற நோய்க்குள்ள இன்ஷூரன்ஸ் அதற்கும் உண்டு என்றது 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம். 2019-ல் இன்ஷூரன்ஸ் ஆணையம் வகுத்த விலக்குப் பட்டியலோ, குடிப்பழக்க வைத்தியத்துக்குப் பணம் மறுக்கக் கம்பெனிகளுக்கு இடங்கொடுத்தது. வேடிக்கையான நியாயம்!

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுக்கடை நடத்துவது சர்க்காரே. அதனால் வரும் வருஷ வருமானம் 40,000 கோடி ரூபாய்க்கு மேல். குடியை விட ஆஸ்பத்திரியில் படுப்பவனுக்கு அதிலிருந்து பத்து நாள் கூலி கொடுக்கட்டும் என்றே கேட்கின்றோம்.