பாலும் வயிற்று நோவும்



என் மகன் பள்ளிக்கூடத்தில் பால் குடித்துவிட்டு வந்து, வயிற்றைப் பொத்திக்கொண்டு படுப்பான். வீட்டுப்பாடத்துக்குக் கள்ளம் என்று ஏசினேன். பிழை என்னுடையது.

பாலிலுள்ள லக்ரோசு என்ற சீனியை உடைக்கும் நொதியம், நோர்வேக்காரர் பெரும்பாலானோருக்கு வளர்ந்த பிறகும் குடலில் சுரக்கும். எங்களில் பலருக்குக் குறைந்துவிடும். லக்ரோசு இல்லாத பாலில் அந்த வேலையை முன்கூட்டியே நொதியம் விட்டுச் செய்கிறார்கள். குளுக்கோசு, கலக்ரோசு என்று பிரிவதால் அது சற்று இனிக்கும். சீனி போட்டிருக்கிறான்கள் என்று அம்மா இன்றும் சொல்லுவா.

பாற்கட்டி செய்து மிஞ்சும் தெளிநீரில் லக்ரோசைச் செறிவாக்கி இதே வகை நொதியத்தை விட்டால், வெட்டிய கலக்ரோசை இன்னொரு லக்ரோசுடன் ஒட்டிவிடும். அப்படி நீளும் சீனிதான் கலக்ரோ ஒலிகோசக்கரைட்டு. எங்களுக்குச் செரிக்காது, பெருங்குடலிலுள்ள பிஃபிடோ பக்டீரியாக்களுக்கு நல்ல தீனி. தாய்ப்பாலிலும் வேறு நீள்சீனிகள் இயற்கையாகவே உண்டு. அதைப் பார்த்துத்தான் குழந்தைப் பால்மாக்கள் சிலவற்றில் இதைச் சேர்க்கிறார்கள். ஆனால் உடையாத லக்ரோசும் இதில் கொஞ்சம் மிஞ்சும், அவதானம்.

மகனுக்குப் பாலை நிறுத்தியும் நோவு நிற்கவில்லை. தெளிநீரை வற்றக் காய்ச்சிச் செய்யும், லக்ரோசு நிறைந்த புரூனோஸ்டை நான்தான் தினமும் அவன் பாணில் சீவி வைத்திருந்தேன்.