படத்தில் இல்லாதவர்

(நூற்றாண்டு விழாப் புகைப்படக் கண்காட்சியின் தொடக்கத்தில் நிகழ்த்திய உரை)

 

கல்முனையிலிருந்தும் கடல் கடந்தும் நீங்கள் அனுப்பிய பழைய படங்களை மேசையில் பரப்பிப் பார்த்தோம். அதிபர்மார், மாணவத் தலைவிகள், வலைப்பந்து அணிகள், காவலாளிகூட இருக்கிறார். எங்கள் கக்கூஸ்களைக் கழுவிய அம்மா மட்டும் ஒரு படத்திலும் இல்லை.

படமெடுக்கும் நாளில் அவர் கிணற்றடியில் நிற்பார். யாரும் கூப்பிட்டதில்லை. தேத்தண்ணியும் தனிப் பேணியில்தான். எங்கள் உம்மாமாரின் வயதுடையவரை 'வா, போ' என்றுதான் பேசினோம்.

இப்படி ஒதுக்கப்பட்டவர்களைத் தேடிப் போய்ப் படமெடுப்பவர் தமிழ்நாட்டின் எம். பழனி குமார். மதுரையில் மீன் விற்கும் தாயின் மகன். அந்தத் தாய் கடன்பட்டே கமெரா வாங்கிக் கொடுத்தார். மனிதக் கழிவைக் கையால் அள்ளுவதை இந்தியா 1993இலும் 2013இலும் சட்டத்தால் தடைசெய்தது. ஆனாலும் அது நிற்கவில்லை. அதைப்பற்றித் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் வந்தது. அதன் ஒளிப்பதிவாளர் பழனி குமார். 'நானும் ஒரு குழந்தை' என்று அத்தொழிலாளரின் பிள்ளைகளைப் பற்றிக் கண்காட்சியும் வைத்தார். 2022இல் தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது.

குழிக்குள் நிற்பவரின் படம் இரக்கத்தைத் தரும், அருவருப்பையும் தரும். குழியில் இறந்த கணவனின் படத்தை ஏந்தி, தன் வீட்டில் நின்று எங்களை நேரே பார்க்கும் பெண்ணின் படம் அப்படியல்ல. அங்கே வெட்கப்பட வேண்டியவர்கள் பார்க்கிற நாங்கள்தான்.

பள்ளிவாசலைப் பெருக்கிய பெண்ணின் செய்தியை அறிவோம். அவர் மௌத்தானபோது அற்பமாக எண்ணிச் சொல்லாமல் அடக்கிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரைப்பற்றி விசாரித்து, கப்றைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். இதை வகுப்பில் படித்துப் பரீட்சையும் எழுதினோம். அந்த நேரத்திலும் அந்த அம்மா வெளியே கழுவிக்கொண்டிருந்தார்.

அவருடைய மகளைத் தேடிப் போனோம். அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது. கண்காட்சிக்குக் கேட்டோம். "எங்கட புள்ளைகள் இப்ப படிக்குதுகள். அந்த வேலையோட எங்கட பேரப் போட்டிடாதீங்க" என்றார்.

எங்களிடம் பதில் இருக்கவில்லை. பெருமைப்படுத்தப் போனோம் என்று நினைத்திருந்தோம். அந்தப் பெயரோடு இழிவை ஒட்டியவர்களும் நாங்கள்தானே? ஆகவே படத்தை மாட்டவில்லை, பெயரையும் சொல்லவில்லை. கேட்டு எடுப்பதைப் போலவே, வேண்டாம் என்றால் விடுவதும் இந்தக் கலையின் மரியாதை.

இவ்வருடப் பாடசாலைப் படத்தில், இன்று துப்புரவு செய்யும் இருவரும் ஆசிரியைகளோடு கதிரையில் அமர்வார்கள். கேட்டோம், சம்மதித்தார்கள். படத்தின் கீழே அவர்கள் பெயர் முழுமையாக இருக்கும்.

எங்கிருந்தாலும் சகோதரிகளே, உங்கள் இடத்தைத் துப்புரவு செய்பவரின் பெயரை நாளைக்கே கேளுங்கள். கமெரா பிறகு வரட்டும்.