மண் ஓய்வில்லம்: கட்டும் முன் ஒரு கணக்கு

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு தீர்மானத்தைப் பாதியில் நிறுத்தி வைத்தோம். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கு வருகிறவர்களும், பனிக்காலத்தில் கரைவெட்டிக்குப் பறவை பார்க்க வருகிறவர்களும் இரண்டு நாள் தங்க வேண்டும். எண்ணெய்க் குளியல், கம்மங்கூழ், நல்ல தூக்கம் என்று உடம்பைத் தேற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்கு நம் கூட்டமைப்பே ஓர் ஓய்வில்லம் கட்டலாமா, அதையும் மண், சுண்ணாம்பு, மூங்கில் வைத்தே கட்டலாமா என்பதுதான் பேச்சு. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டாங்க: "மண்ணு வீட்டுல இருந்து வெளிய வரத்தானே இத்தனை வருசமா லோன் கட்டுனோம்? இப்ப கடன் வாங்கித் திரும்பவும் மண்ணு வீடா?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தீர்மானம் போட முடியாது.

கேள்வி நியாயமானது. 2010-ல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டமும் சரி, 2024-ல் வந்த கலைஞரின் கனவு இல்லமும் சரி, குடிசையை மாற்றிக் கான்கிரீட் வீடு கொடுப்பதற்காக வந்தவை. ஐப்பசி அடைமழையில் சுவர் பொத்தென்று விழுந்த சத்தம் நம்மில் பலருக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சுவர் ஏன் விழுந்தது? அடியில் கல் அஸ்திவாரம் இல்லை, மேலே கூரை வெளியே நீளவில்லை. கல் போடக் காசு இல்லை, அதனால் விழுந்தது. மண்ணைக் குறை சொல்லி என்ன செய்ய?

இதைக் கண்ணால் பார்க்கத்தான் ஆரோவில்லுக்கு எக்ஸ்போஷர் விசிட் போய் வந்தோம். அங்குள்ள எர்த் இன்ஸ்டிடியூட் 1989-ல் தொடங்கியது. மண்ணைச் சலித்து, ஏறக்குறைய 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கையால் அழுத்தும் மிஷினில் வைத்துக் கல் அறுக்கிறார்கள். சூளை கிடையாது, விறகு கிடையாது. நான்கு வாரம் நனைத்து நிழலில் வைத்தால் போதும். பார்வையாளர்கள் போகும் விசிட்டர்ஸ் சென்டர் இந்தக் கல்லால் கட்டியதுதான். எகிப்தில் ஏழைகளுக்காக மண் வீடு கட்டிய ஹசன் ஃபாத்தி பெயரில் உள்ள விருது 1992-ல் அதற்குக் கிடைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் சுவர் நிற்கிறது. உள்ளே போனால் பங்குனி வெயிலிலும் குளுகுளுன்னு இருக்கு.

நம்ம அரியலூரைச் சிமெண்ட் ஊர் என்றுதான் வெளியே சொல்கிறார்கள். நம் சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்ட் ஆக்க 1,450 டிகிரி சூடு வேண்டும். அதே கல்லைச் சாதாரணச் சுண்ணாம்பாக்க 900 டிகிரி போதும். உலகம் முழுவதும் வெளியாகும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. இதற்காகச் சிமெண்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆலையும் லாரியும்தான் நம்ம வீடுகள் பலவற்றில் அடுப்பெரிய வைக்கிறது. வேண்டிய இடத்தில் மட்டும் போடுவோம் என்கிறோம்.

இனி மண்ணுக்கு வருவோம். பெரம்பலூர், வேப்பந்தட்டை பக்கத்துக் கரிசல் இதற்கு ஆகாது. மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அதன் மேல் கட்டுவதானாலும் ஆழமாகத் தோண்டி மணல் நிரப்ப வேண்டும், செலவு கூடும். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண் தோதுப்படும். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுத்து ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் படியும். களி ஐந்தில் ஒரு பங்கு, மணல் பாதி அளவு இருந்தால் நல்ல மண். மண் எடுத்த பள்ளத்தை மழைநீர்க் குட்டையாக்கிவிடலாம்.

தரைமட்டத்திலிருந்து 2 அடி கல் கட்டு, கூரை சுவரைத் தாண்டி 3 அடி, சாரல் அடிக்கும் பக்கம் சுண்ணாம்புப் பூச்சு. இந்த மூன்றில் கை வைக்கவே கூடாது. மூங்கிலைப் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊறவைக்காமல் ஏற்றினால் உளுத்துப் போகும். பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதனால் பழைய வீடு பிரிக்கிற இடத்தில் பனங்கையும் நாட்டு ஓடும் கேட்டு வாங்குவோம். நடுவில் ஒரு முற்றம், வாசலில் திண்ணை. வருகிறவர்களுக்கு மருந்து பாதி அந்தத் திண்ணைக் காற்றுதான்.

இப்போது முக்கியமான விஷயம். நம்மிடம் வந்த திட்ட அறிக்கையில் கல், மரம், மிஷின் எல்லாவற்றுக்கும் தொகை எழுதியிருந்தார்கள். வருடாவருடம் சுவர் பூசுவதற்கும் வாரம் ஒரு தடவை சாணி மெழுகுவதற்கும் எதிரே 'உறுப்பினர் பங்களிப்பு' என்று மட்டும் இருந்தது. அதாவது சும்மா! பொங்கலுக்கு வீடு மெழுகுகிற கை யாருடையது என்று நமக்குத் தெரியும். வீட்டில் அதற்குக் கூலி கேட்டதில்லை. காசு கொடுத்துத் தங்க வருகிறவர் அறையை மெழுகவும் கூலி இல்லையா? பத்து அறைக்கு மாதம் எத்தனை ஆள்நாள் என்று கணக்குப் போட்டால், அந்த அறிக்கையில் காட்டிய லாபம் பாதிக்கு மேல் கரைகிறது.

மண் கட்டடத்தில் பொருளுக்குப் போகும் காசு குறைவு, கூலிக்குப் போவது அதிகம். அதுதான் நமக்கு லாபம். ஆனால் அந்தக் கூலி நம் கைக்கு வரணும். சித்தாளாகவே இருபது வருடம் மண் சுமந்தவங்க இந்தக் கூட்டத்திலேயே இருக்கீங்க. ஒருத்தர் கையிலும் இதுவரை கரண்டி கொடுக்கலை. கல் அறுக்கவும் கட்டவும் முதல் பயிற்சி உங்களுக்குத்தான் என்று தீர்மானத்தில் எழுத வேண்டும்.

ஆகவே பத்து அறைக்குக் கடன் இப்போது வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கூட்டமைப்பு நிலத்தில் ஒரே ஒரு அறை, திண்ணையோடு, சேமிப்பிலிருந்து கட்டுவோம். ஒரு ஐப்பசியும் ஒரு சித்திரையும் அது தாங்கட்டும். அதுவரை நம் கூட்டங்களை அங்கேயே நடத்துவோம். பிரசவமான பிள்ளைகளும் முதுகுவலிக்கார அக்காமாரும் மதியம் அங்கே வந்து கொஞ்சம் படுக்கட்டும். பூச்சுக்கும் மெழுகலுக்கும் எத்தனை ஆள், எத்தனை நாள் என்று தனி நோட்டில் எழுதி வாருங்கள். வெளியாளுக்கு வாடகை எவ்வளவு என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்வோம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு பாட்டில் மண் கொண்டு வாங்க. ஊர்ப் பெயர் எழுதி ஒட்டுங்க, குலுக்கிய பிறகு ஒரு நாள் ஆகியிருக்கணும். பஸ்ஸில் வரும்போது ஆட்டிடாதீங்க.