நம் ஆலய இளைஞரின் முதல் வெளிநாட்டுத் திருத்தலப் பயணம்

(ஆலய இளைஞர் பிரிவினரின் வழியனுப்பு நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரை)



கோலாலம்பூரில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் விமானம் திருச்சிராப்பள்ளியில் இறங்கிவிடுகிறது. அந்த நான்கு மணி நேரத்திற்காக நம் ஆலய மண்டபத்தில் நான்கு மாதங்கள் ஆயத்தம் நடந்திருக்கிறது. புறப்படும் பதினான்கு பேரில் பதினொருவர் இப்பயணத்திற்கென்றே முதன்முதலாகக் கடப்பிதழ் எடுத்தவர்கள். ஓர் இளைஞர் அதனைத் தலையணைக்கு அடியில் வைத்து உறங்குவதாக அவருடைய பாட்டியார் சொல்கிறார். இன்னொருவர் தம் பயணப்பெட்டியை அன்னதானக் கூடத்திற்குக் கொணர்ந்து, அரிசி நிறுக்கும் தராசில் மூன்று முறை நிறுத்துப் பார்த்துச் சென்றார். பெட்டியின் எடை மூன்று முறையும் ஒன்றாகவே இருந்தது. அவருடைய படபடப்புத்தான் குறையவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் விசா, குடிநீர், மருந்து எனப் பல வினாக்கள் எழுந்தன. அனைத்திற்கும் விடை சொல்லப்பட்டது. இறுதிவரை வாய் திறவாதிருந்த ஒரு தாயார், நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் செயலாளரிடம் வந்து, “இரவில் என் மகளுக்குப் பக்கத்தில் யார் படுப்பார்கள்?” என்று மட்டும் கேட்டார். பயண ஏற்பாட்டுத் தாளில் இதற்கு விடை இல்லை. மறுநாளே அறைப் பட்டியல் எழுதப்பட்டது. முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டிய பட்டியல் அது.

இக்குழுவில் இருவருடைய அச்சம் சற்றே வேறானது. ஒருவர் தேசியப் பள்ளியில் பயின்றவர். தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனனம் செய்தவர். குரலோ கேட்டவரை நிறுத்திவைக்கும் குரல். சிதம்பரத்தில் பாட வேண்டும் என்பது அவர் ஆசை. “என் உச்சரிப்பைக் கேட்டு அங்குள்ளவர்கள் சிரித்தால்?” என்பது அவர் கலக்கம். ழகரத்திற்காக அவர் பட்ட பாட்டை ஞாயிறுதோறும் மண்டபத்தில் இருந்தவர்கள் அறிவார்கள்.

மற்றவர் தமிழ்ப்பள்ளியில் பயின்ற பெண். அவருடைய தாத்தா 1950ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதில், நாகப்பட்டினத்தில் ‘ராஜுலா’ கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். சென்னையில் புறப்பட்டு நாகை வழியாகப் பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று வந்த அக்கப்பலைப் பற்றி நம் பெரியோர் பலர் இன்றும் பேசுவதுண்டு. தாத்தா ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. தாயார் இறந்த செய்தி கடிதமாக வந்து சேர்ந்தபோது காரியங்கள் அங்கே முடிந்திருந்தன. தோட்டத்து ஆற்றங்கரையில்தான் அவர் தலைமுழுகினார். பின்னர் ராஜுலாவும் ஓய்ந்தது. 1985இல் ‘சிதம்பரம்’ கப்பலில் தீப்பற்றிய பின் அக்கடல்வழியும் நின்றது.

நாகைக்கு அருகிலுள்ள அவ்வூரிலிருந்து 1978இல் வந்த நீலநிற வான்கடிதம் ஒன்றே இன்று எஞ்சியிருப்பது. அதிலுள்ள முகவரிக்கு அப்பெண் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. “சொத்துக் கேட்டு வந்திருக்கிறாள் என்று எண்ணுவார்கள், போக வேண்டாம்” என்கிறார் தந்தையார். அவர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. அரை நூற்றாண்டுக்குப் பின் வாசலில் வந்து நிற்பவரை எவரும் ஐயத்தோடுதான் பார்ப்பர். ஆயினும் நாகையில் அரை நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

நாகைக்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பு அப்பெண்ணின் தாத்தாவோடு தொடங்கியதன்று. கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் அங்குச் சூடாமணி விகாரத்தை எழுப்பியபோது, முதலாம் இராஜராஜ சோழர் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக வழங்கினார். அவர் மகன் இராஜேந்திரரின் கடற்படை 1025ஆம் ஆண்டு வாக்கில் அதே கடாரத்தின்மீது பாய்ந்தது. கொடையும் போரும் ஒரே கடலைக் கடந்தன. பூஜாங் பள்ளத்தாக்கைப் பள்ளிச் சுற்றுலாவில் கண்டுவந்த இவர்கள், இப்போது எதிர்க்கரையிலிருந்து அக்கடலைப் பார்க்கப் போகிறார்கள். இராஜராஜர் 1010இல் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு முழு நாள் உண்டு. அந்த விமானத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்க அதுவும் போதாது.

அப்பெண் கூச்சமுடையவர், அந்நியர் வாசலில் முதல் வார்த்தை எழாது. அந்த இளைஞருக்கோ ஊர்ப் பெயர்ப்பலகையைப் படிக்க வராது. ஆகவே இருவரும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். வழியெல்லாம் பலகைகளை அப்பெண் படித்துச் சொல்வார். அவ்வூரில் வீட்டுக் கதவை இளைஞர் தட்டுவார். “யார் நீங்கள்?” என்று கேட்டால் சொல்ல வேண்டியதை அப்பெண் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். அதன் முதல் வரியில் இருப்பது தாத்தாவின் பெயர்.

இன்றைய சாயரட்சைப் பூசையில் அவ்விளைஞர் பதிகம் பாடுவார். பேருந்து நாளை மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு ராஜகோபுர வாசலில் நிற்கும். தலையணைக்கு அடியில் கடப்பிதழை வைத்திருப்பவர் அதனை மறவாமல் எடுத்து வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.