நடைக்குப் பணம் தந்தவர் யார்?

70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்குப் போனால், சந்தைக்கும் காட்டுக்கும் மேடும் பள்ளமுமாக நடப்பவர்களைப் பார்க்கலாம். அதை அவர்கள் உடற்பயிற்சி என்று சொல்வதில்லை!

அப்படிப்பட்ட நடை நோயாளிகளுக்கும் உதவுமா? பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் உடற்பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2009-இல் தொடங்கியது. பெரும்பாலும் கனடா, ஆஸ்திரேலியா மருத்துவமனைகளில். பாதிப்பேருக்கு மூன்றாண்டுப் பயிற்சி; பலருக்கு வேகநடைதான். 2025-இல் முடிவு வெளியானது. எட்டாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் நூற்றுக்கு 90, மற்றதில் 83. எடை என்னவோ பெரிதாகக் குறையவில்லை!

நடையைப் புட்டியில் அடைத்து விற்க முடியாதே, மருந்து கம்பெனி ஏன் செலவழிக்கும்? இந்த ஆய்வுக்குக் கனடா புற்றுநோய்ச் சங்கமும் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வு மன்றமும்தான் முக்கியமாகப் பணம் தந்தன.