ஓசை ஒன்று, எழுத்து நூறு



பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்கள்கூட ஷோஹெய் ஓதானி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1994இல் ஜப்பானின் வடகிழக்கே இவாத்தே மாநிலத்தில் பிறந்தவர். அதே இவாத்தேயில் ஹிராய்சுமி என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. யோஷிட்சுனே என்ற 12ஆம் நூற்றாண்டு வீரன், சொந்த அண்ணனின் பகைக்குத் தப்பி ஓடிவந்து அடைக்கலம் புகுந்த ஊர். கடற்போர் ஒன்றில் எட்டுப் படகுகளை அடுத்தடுத்துத் தாவிக் கடந்தான் என்று அவனைப் பற்றிக் கதை சொல்வார்கள். ஓதானியின் தந்தை அந்தத் தாவலை மனத்தில் வைத்து, விண்ணில் பறத்தல் என்று பொருள்படும் 'ஷோ' எழுத்தை எடுத்தார். ஹிராய்சுமியின் முதல் எழுத்தை அதன் பக்கத்தில் வைத்தார். ஊர்ப்பெயரில் 'ஹிரா' என்று ஒலிப்பதுதான் இங்கே 'ஹெய்' ஆகிறது. பிறந்த மண்ணின் கதை இரண்டே எழுத்தில் அடங்கிவிட்டது.

ஜப்பானில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது இரண்டு வேலை. கூப்பிட ஓர் ஓசை வேண்டும். அந்த ஓசையை எழுத, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளில் எதை எடுப்பது என்றும் முடிவுசெய்ய வேண்டும். இன்று ஆண் குழந்தைகளுக்கு விரும்பி வைக்கும் பெயர்களில் ஒன்று ஹருத்தோ. ஒரு வீட்டில் அதைக் கதிரவன், பறத்தல் என்ற எழுத்துகளால் எழுதுவார்கள். அடுத்த வீட்டில் வசந்தம், மனிதன். தெருமுனையில் கூப்பிட்டால் இருவரும் திரும்பிப் பார்ப்பார்கள். பள்ளிப் பதிவேட்டிலோ அவை வெவ்வேறு பெயர்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. கதிரவனும் பறத்தலும் சேர்ந்த பெயரைக் காகிதத்தில் மட்டும் பார்ப்பவருக்கு, அது ஹருத்தோவா ஹினத்தாவா என்று தெரியாது. அந்த வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

எழுத்துகளுக்கு வேலி உண்டு. பெயருக்கு எளிய, வழக்கிலுள்ள எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும் என்பது 1948 முதல் சட்டம். அன்றாட எழுத்துப் பட்டியலில் 2,136, பெயருக்கென்றே தனியாக 863. இரண்டையும் கூட்டினால் மூவாயிரத்துக்கு ஒன்று குறைவு. இவை போக ஹிராகனா, கதகானா என்ற ஒலியெழுத்துகளும் உண்டு. பிறந்த 14 நாளுக்குள் நகராட்சியில் பதிவு செய்தாக வேண்டும். ஏழாம் நாள் இரவில், தேர்ந்த பெயரைத் தூரிகையால் எழுதிச் சுவரில் மாட்டும் பழைய வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

பட்டியல் போட்டவர்களுக்கும் சறுக்கியது உண்டு. 2004இல் பட்டியலை விரிக்க நினைத்தவர்கள், அச்சில் எவ்வளவு புழங்குகிறது என்பதை வைத்து 578 எழுத்துகளைப் பரிந்துரைத்தார்கள். பொருளைப் பார்க்கவில்லை. விளைவு, மலம், பிணம், சாபம், புற்றுநோய் ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளும் குழந்தைப் பெயருக்கு உகந்தவையாக வெளியாயின! மக்கள் கொதித்தார்கள். அவற்றையெல்லாம் களைந்து 488ஐச் சேர்த்தார்கள். ஸ்ட்ராபெரிப் பழத்துக்கான எழுத்து அப்போது வந்ததுதான்.

பொருளறியாமல் அழகை மட்டும் பார்த்தால் பெற்றோரும் சறுக்குவார்கள். நிலவும் விண்மீனும் அருகருகே நிற்பதுபோல் ஓர் எழுத்து உண்டு. கவிதையாகத் தெரியும். உண்மையில் அதன் பொருள் பச்சை இறைச்சியின் வாடை. நிலவும் ஒளியும் சேர்ந்ததுபோல் தோன்றும் மற்றொன்று சிறுநீர்ப்பையைக் குறிப்பது. நிலவு என்று நாம் நினைப்பது அங்கே நிலவே அல்ல, தசையைக் குறிக்கும் உறுப்பு. நல்லவேளை, இவை இரண்டும் பட்டியலில் இல்லை.

பட்டியலில் இருந்தால் மட்டும் போதுமா? 1993இல் டோக்கியோ புறநகர் ஒன்றில் ஒரு தந்தை தன் மகனுக்கு 'அக்குமா' என்று பதியப் போனார். அக்குமா என்றால் பேய். இரண்டு எழுத்தும் சட்டம் அனுமதித்தவை. முதலில் ஏற்ற அலுவலகம் பிறகு அடித்துவிட, வழக்கு குடும்பநல நீதிமன்றத்துக்குப் போனது. பெயர் வைக்கும் உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது இது என்று சொன்ன நீதிமன்றம், ஏற்ற பெயரைத் தன்னிச்சையாக அடித்த அலுவலகத்தையும் விட்டுவைக்கவில்லை. முடிவில் தந்தை வேறு பெயர் வைத்தார்.

எழுத்தை இவ்வளவு காவல் காத்த சட்டம், அதை எப்படிப் படிப்பது என்பதில் வெகுகாலம் வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் பிறந்தவைதான் 'கிராகிரா' பெயர்கள், அதாவது மினுமினுக்கும் பெயர்கள். 'டெத் நோட்' என்ற மங்கா சித்திரக்கதையின் நாயகனுக்கு நிலவு என்ற ஒற்றை எழுத்துதான் பெயர். ஆனால் அதை ஆங்கிலத்து 'லைட்' ஆகப் படிக்க வேண்டும். கதையில் சுவைதான். பள்ளியில் ஆசிரியர் ஒவ்வொரு ஆண்டும் தடுமாறி, குழந்தை ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று திருத்துவது சுவையாக இருக்காது.

இது இன்றைய மோகம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்குப் பழகாத எழுத்தைப் பெயரில் வைப்பதால் ஒரு பயனும் இல்லை என்று கென்கோ துறவி 14ஆம் நூற்றாண்டிலேயே சலித்துக்கொண்டார். 18ஆம் நூற்றாண்டு அறிஞர் நோரினாகாவும் அதே பாட்டுத்தான். ஜெர்மனியில் படித்துத் திரும்பிய எழுத்தாளர் மோரி ஓகாய், தம் பிள்ளைகளுக்கு ஒட்டோ, மரி, ஃபிரிட்ஸ் போன்ற ஐரோப்பியப் பெயர்களைக் கான்ஜியில் எழுதி வைத்தார். மகள் மரிக்கு அவர் எடுத்தவை மல்லிகையைக் குறிக்கும் எழுத்துகள். அந்தச் சொல்லே இந்தியாவின் மல்லிகா சீனம் வழியாகப் போனதுதான்.

2025 மே 26 முதல் பெயரின் ஒலிப்பும் பதிவேட்டில் ஏறுகிறது. எழுத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட ஒலிப்பாக இருக்க வேண்டும்; உயரம் என்று எழுதிவிட்டுக் குள்ளம் என்று படிக்க முடியாது. தேவையான சட்டம்தான். ஆனால் 'பொதுவாக ஏற்கப்பட்டது' எது என்பதை முகப்பில் இருக்கும் எழுத்தர் தீர்மானிப்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. காமகுராவிலிருந்து ஆண்ட முதல் படைத்தலைவர் (ஷோகன்) யோரித்தோமோவின் பெயரில் காலைப்பொழுதைக் குறிக்கும் எழுத்து 'தோமோ' என்று ஒலிக்கிறது. பெயரில் மட்டும் வரும் ஒலிப்பு அது. இன்று யாருக்கும் உறுத்துவதில்லை.

எழுத்தின் கோடுகளை எண்ணிப் பலன் பார்க்கும் சோதிடமும் அங்கே செழிப்பாக நடக்கிறது. குடும்பப் பெயரோடு கூட்டி, எண் சரியில்லை என்றால் மனத்துக்குப் பிடித்த எழுத்தையே மாற்றிவிடுவார்கள். பெயரில் ஓர் ஆங்கில 'ஏ'யைக் கூட்டி எழுதும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் பார்வையில் பெயர் வைக்கும் கலைக்கு நேர்ந்த பெரிய கேடு இதுதான்.

பெயர்களில் காலமும் பதிந்துவிடுகிறது. ஷோவா ஆட்சிக்காலம் 1926 கடைசியில் தொடங்கியதும், அதன் இரண்டாம் எழுத்தைக் கொண்ட கசுக்கோ பெண் பெயர்களில் முன்னுக்கு வந்தது. போர்க்காலத்தில் வெற்றி என்று பொருள்படும் மசாரு ஆண் பெயர்களில் முன்னணியில் நின்றது.

எனக்குப் பிடித்த உதாரணம் அரண்மனையிலிருந்து. 2001இல் பிறந்த இளவரசி அய்க்கோவின் பெயர், அன்பு, குழந்தை என்ற இரண்டு எழுத்து. அவருடைய பட்டப்பெயரான தோஷியில் மரியாதை என்ற எழுத்து. பிறரை அன்பு செய்பவரைப் பிறரும் அன்பு செய்வர், மதிப்பவரை மதிப்பர் என்ற சீன மெய்யறிஞர் மென்சியஸின் கருத்திலிருந்து இரண்டும் வந்தன. பள்ளிச் சிறுமி எழுதக்கூடிய எழுத்துகள். வேரோ இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஓடுகிறது.

ஜப்பானியர்கள் தொலைபேசியில் தங்கள் பெயரை விளக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? யோக்கோ என்றால், 'சூரியனில் வரும் யோ, குழந்தையில் வரும் கோ' என்று தெரிந்த சொற்களைக் காட்டி ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். அப்படிச் சொல்ல முடிகிற பெயரே நல்ல பெயர் என்பேன். அரிய எழுத்தைத் தோண்டி எடுப்பது கெட்டிக்காரத்தனம். இரண்டு சாதாரண எழுத்தைச் சரியான இடத்தில் சேர்ப்பதுதான் கலை.

நேயர்களே, உங்களோடு வேலை பார்க்கும் ஜப்பானியரோ, படிக்கும் மாணவரோ இருந்தால், பெயரின் பொருள் என்ன என்று கேட்காதீர்கள்; எந்த எழுத்துகளால் எழுதுகிறீர்கள் என்று கேளுங்கள். தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.