மருந்து வேண்டும், வேண்டாத இடத்தில் வேண்டாம்!



பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே மருந்துக் கடையில் நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். அது சிசுவின் உடலில் என்ன செய்கிறது?

1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். இத்தகைய மருந்துகள் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்துள்ளன. ஆனால் வயலில் பூச்சிமருந்து அடித்தால் பயிரைத் தின்னும் புழு மட்டுமா சாகிறது? புழுவைத் தின்னும் சிலந்தியும் சாகிறது. குடலிலும் இதே கதைதான். தாய்ப்பால் குடிக்கும் சிசுவின் குடலில் பிஃபிடோபாக்டீரியம் என்னும் நல்ல கிருமி பெருகுகிறது. நோய் எதிர்ப்புச் சக்தி வளர அது துணை செய்கிறது. மருந்து அதையும் அழித்துவிடுகிறது.

இது வெறும் ஊகமல்ல. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 191 குழந்தைகளைப் பிறந்தது முதல் 15 மாதம் வரை கவனித்து, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். பிறந்த முதல் சில வாரங்களில் ஆன்டிபயாடிக் பெற்ற குழந்தைகளின் குடலில் அந்த நல்ல கிருமி குறைந்திருந்தது. நியூமோகாக்கல் தடுப்பூசி போட்ட பிறகு அவர்கள் இரத்தத்தில் உண்டான எதிர்ப்புப் பொருளும் குறைவாகவே இருந்தது. நிமோனியாவைத் தடுக்க நமது சர்க்கார் 2021 முதல் நாடெங்கும் இலவசமாகப் போடும் தடுப்பூசிதான் அது! சோதனையில் எலிக்குட்டிகளுக்கு நல்ல கிருமியைக் கொடுத்தபோது எதிர்ப்புச் சக்தி மீண்டும் உயர்ந்தது.

அப்படியானால் மருந்தே கூடாதா? அப்படி நினைப்பது பெருந்தவறு! சிசுவின் இரத்தத்தில் கிருமி பரவினால், நிமோனியா கண்டால், உயிர் காப்பது ஆன்டிபயாடிக்தான். தடுப்பூசியையும் ஒருபோதும் தவறவிடாதீர்கள். வீணாகக் கொடுப்பதைத்தான் நிறுத்த வேண்டும். ஜலதோஷம் வைரசினால் வருவது. வைரசை ஆன்டிபயாடிக் கொல்லாது. சாதாரண வயிற்றுப்போக்குக்கு வேண்டியவை உப்பு சர்க்கரைக் கரைசலும், துத்தநாக மாத்திரையும், தாய்ப்பாலும்தான்.

ஆகவே தோழர்களே, டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால், “இது எதற்கு, எத்தனை நாள்?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் சொன்னபடி கொடுங்கள். மூத்த பிள்ளைக்கு வாங்கி மிஞ்சியதை இளைய பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு மூச்சு வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்குக் காய்ச்சல் கண்டால், கூலியைப் பாராமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். போன கூலியை மறுநாள் உழைத்துச் சம்பாதித்துக்கொள்ளலாம்.